சிடி எழுதவில்லையா? பார்மட் செய்யும் முன் கொஞ்சம் நில்லுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சிடி அல்லது டிவிடி எழுதும்போது ஏதாவது தொல்லை வந்தால், நம் ஊர்களில் எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான். "பார்மட் பண்ணிடலாம் சார், எல்லாம் சரியாயிடும்." எங்கள் பொதட்டூர்பேட்டையிலும் இதே பேச்சுதான். டிரைவ் காணவில்லையா? பார்மட். பாதி எழுதி நின்றுவிட்டதா? பார்மட். எழுதிய டிஸ்க் வேறு கம்ப்யூட்டரில் திறக்கவில்லையா? அதற்கும் பார்மட்.

இது தவறான பழக்கம் என்பது என் கருத்து. சிடி எழுதும் சாப்ட்வேர் திடீரென்று வேலை செய்ய மறுத்தால், டிஸ்க் மட்டம் என்றோ டிரைவ் போய்விட்டது என்றோ உடனே முடிவு கட்டாதீர்கள். பல நேரங்களில் இரண்டும் நன்றாகவே இருக்கும். சாப்ட்வேருக்கும், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையமான கெர்னலுக்கும் இடையே இருந்த ஒப்பந்தம்தான் முறிந்திருக்கும். அதைச் சரி செய்ய உங்கள் போட்டோக்களையும் பைல்களையும் பலி கொடுக்க வேண்டியதில்லை. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு குடும்பத்தின் போட்டோக்கள் போனதற்கு நானும் ஒரு காரணம்.

அடுத்த வீட்டில் நடந்தது

2006ஆம் ஆண்டு. எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மகளின் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். விண்டோஸ் எக்ஸ்பி, 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஒரு சிடி ரைட்டர். மகளின் மஞ்சள் நீராட்டு விழாவை உறவினர் ஒருவர் டிஜிட்டல் கேமராவில் எடுத்து, அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கேமரா கார்டையும் காலி செய்துகொண்டு போய்விட்டார். ஆக, அந்த விழாவின் போட்டோக்கள் உலகத்திலேயே அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் சிடி போட்டுக் கொடுக்க அண்ணன் ஆசைப்பட்டார். ரைட்டருடன் வந்த சாப்ட்வேர் பிடிக்கவில்லை என்று, நண்பரிடமிருந்து வேறொன்றை வாங்கி வந்து அதையும் இன்ஸ்டால் செய்தார். இரண்டும் முட்டிக்கொண்டன. பழையதை நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி இயக்கினார். "தம்பி, மை கம்ப்யூட்டர்ல சிடி டிரைவே காணோம்பா" என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். உண்மைதான். சி டிரைவ், டி டிரைவ் இரண்டும் இருந்தன. சிடி டிரைவ் இருந்த இடமே தெரியவில்லை.

நானும் அவரும் சிபியூவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் இரண்டு நிமிடம் பார்த்தான். "டிரைவ் போயிருக்கலாம், இல்லன்னா விண்டோஸ் கரப்ட். முதல்ல பார்மட் அடிச்சுப் பார்ப்போம்" என்றான். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டினேன். போட்டோக்கள் மை டாக்குமெண்ட்ஸ் போல்டரில், அதாவது சி டிரைவில் இருக்கின்றன என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. போய்விட்டது என்று நாங்கள் நினைத்த அதே சிடி டிரைவில்தான் அந்தப் பையன் எக்ஸ்பி சிடியைப் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, விண்டோஸை இன்ஸ்டால் செய்தான். டிரைவ் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. இன்ஸ்டால் முடிந்ததும் டிரைவ் மறுபடி தெரிந்தது. "பாத்தீங்களா, பார்மட் பண்ணதும் வந்துடுச்சு" என்றான் பையன். நாங்களும் நம்பி வீட்டுக்கு வந்தோம். போட்டோக்களைத் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. அண்ணி ஒன்றும் பேசவில்லை. பாப்பா அழுதது இன்றும் என் காதில் இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து வேறொரு கம்ப்யூட்டரில் இதே கோளாறு வந்தது. இந்த முறை தேடிப் படித்தேன். மைக்ரோசாப்ட் நிறுவனமே 314060 என்ற எண்ணில் இதற்கு ஓர் உதவிக் குறிப்பு வெளியிட்டிருந்தது. ரெஜிஸ்ட்ரியில் இரண்டு வரிகளை நீக்கினால் போதும். ஐந்து நிமிட வேலை. ஒரு பைலும் போகவில்லை.

கெர்னல் என்பது என்ன?

திரையில் நீங்கள் பார்க்கும் ஐகான், மெனு, விண்டோ எல்லாம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மேல் சட்டை. உள்ளே மெமரி, ஹார்ட் டிஸ்க், கீபோர்ட், சிடி டிரைவ் ஆகியவற்றோடு நேரடியாகப் பேசும் பகுதிதான் கெர்னல். விண்டோஸுக்கும் கெர்னல் உண்டு, லினக்ஸுக்கும் உண்டு. சொல்லப்போனால் லினக்ஸ் என்ற பெயரே அந்தக் கெர்னலின் பெயர்தான்.

பைலைத் திறப்பது, சேமிப்பது போன்ற வேலைகளுக்குக் கெர்னல் வைத்திருக்கும் பொதுவான வழியே எல்லா சாப்ட்வேர்களுக்கும் போதும். சிடி எழுதும் சாப்ட்வேருக்கு அது போதாது. "லேசரை இந்த அளவுக்கு ஏற்று, இந்த வேகத்தில் சுற்று, இங்கே டிராக்கை மூடு" என்று டிரைவுக்கே நேரடியாகக் கட்டளை அனுப்ப வேண்டும். இந்தக் கட்டளைகள் ஸ்கஸி என்ற பழைய மொழியைச் சேர்ந்தவை. அவற்றைக் கெர்னல் வழியாகத்தான் அனுப்ப முடியும். கெர்னல் அந்த வழியை மாற்றினாலோ, மூடினாலோ, நடுவில் காவலாளியை வைத்தாலோ முதலில் அடி வாங்குவது சிடி எழுதும் சாப்ட்வேர்தான். அதே கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கலாம், லெட்டர் டைப் செய்யலாம், படம் பார்க்கலாம். சிடி மட்டும் எழுதாது. அதனால்தான் எல்லோரும் டிரைவைச் சந்தேகப்படுகிறார்கள்.

ஜக்கார்டு பெட்டி வைத்த தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். 120 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டையை 240 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் டிசைன் வராது. அட்டையில் குற்றமில்லை. தறியிலும் குற்றமில்லை. ஒன்றுக்காகச் செய்தது இன்னொன்றில் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதற்காகத் தறியைப் பிரித்துப் போடும் நெசவாளி யாரும் இல்லை. கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் நாம் அதைச் செய்கிறோம்?

விண்டோஸில் வந்த சிக்கல்கள்

விண்டோஸ் 95, 98 காலத்தில் சிடி எழுதும் சாப்ட்வேர்கள் பல, அடாப்டெக் நிறுவனம் உருவாக்கிய அஸ்பி என்ற இடைவழியை நம்பியிருந்தன. அந்த வழி விண்டோஸுடனேயே வந்தது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்தபோது அது உடன் வரவில்லை. 98இல் ஒழுங்காக எழுதிய சாப்ட்வேர், எக்ஸ்பியில் "டிரைவ் எதுவும் இல்லை" என்று சொன்னதற்கு இது ஒரு காரணம். நிறையப் பேர் புது ரைட்டர் வாங்கினார்கள். தேவைப்பட்டதோ சாப்ட்வேரின் புதுப் பதிப்பு.

எக்ஸ்பியில் இன்னொரு சிக்கல், எங்கள் அண்ணன் வீட்டில் வந்தது. சில சாப்ட்வேர்கள் தங்களுடைய சிறு டிரைவர் ஒன்றைக் கெர்னல் மட்டத்தில், சிடி டிரைவுக்கு மேலேயோ கீழேயோ செருகி வைக்கும். இதற்கு பில்டர் டிரைவர் என்று பெயர். சாப்ட்வேரை நீக்கும்போது டிரைவர் பைல் போய்விடும். ஆனால் "இந்த பில்டரை ஏற்று" என்ற வரி மட்டும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும். விண்டோஸ் அந்த வரியைப் படிக்கும், பைலைத் தேடும், கிடைக்காது. உடனே சிடி டிரைவையே காட்டாமல் விட்டுவிடும். டிவைஸ் மேனேஜரில் டிரைவின் மேல் மஞ்சள் குறியும், 31, 32, 39 போன்ற ஒரு கோட் எண்ணும் தெரியும்.

இதே வித்தையை ஒரு பெரிய நிறுவனம் வேண்டுமென்றே செய்ததும் உண்டு. 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம், காப்பி எடுப்பதைத் தடுக்கிறேன் என்று சில பாட்டு சிடிக்களில் எக்ஸ்சிபி என்ற சாப்ட்வேரை வைத்தது. சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு அதன் சாப்ட்வேரை ஏற்றுக்கொண்டால், அது கெர்னல் மட்டத்தில் போய் ஒளிந்துகொண்டது. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் இதை வெளிப்படுத்தினார். அதைக் கையால் நீக்கியபோது அவருடைய சிடி டிரைவே காணாமல் போனது. நவம்பர் மாதத்தில் நிறுவனம் அந்த சிடிக்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நிபுணருக்கே டிரைவ் காணாமல் போனது என்றால், நம் தெரு அண்ணன் என்ன செய்வார்?

லினக்ஸில் 2004இல் நடந்தது

"லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லினக்ஸில் இது இன்னும் வெளிப்படையாகவே நடந்தது.

2.4 வரிசைக் கெர்னலில், வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருந்த சாதாரண ஐடிஇ சிடி ரைட்டரை ஸ்கஸி டிரைவ் போல வேடம் போட வைக்க வேண்டும். அதற்கு ஐடிஇ-ஸ்கஸி என்று ஒரு பகுதி இருந்தது. 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தது. இனி வேடம் தேவையில்லை, டிரைவின் பெயரைச் சொல்லி நேரடியாகவே எழுதலாம் என்றார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய புத்தகங்களைப் பார்த்து செட்டிங் செய்தவர்களுக்கு எதுவும் ஓடவில்லை.

அடுத்து 2004 ஆகஸ்டில் 2.6.8 கெர்னல் வந்தது. அதுவரை, டிரைவைப் படிக்க அனுமதி உள்ள எந்தப் பயனாளரும் அதற்கு எந்தக் கட்டளையையும் அனுப்பலாம் என்ற நிலை இருந்தது. டிரைவுக்குள் இருக்கும் பர்ம்வேரை அழிக்கும் கட்டளையைக்கூட அனுப்பலாம். இது பெரிய ஓட்டை. அதை அடைக்க, கெர்னல் ஒரு வடிகட்டியை வைத்தது. பட்டியலில் உள்ள கட்டளைகள் மட்டும் போகும், மற்றவை நிறுத்தப்படும். சிடி எழுதத் தேவையான சில கட்டளைகளும் அதில் மாட்டிக்கொண்டன. சாதாரண யூசராக நுழைந்து கேத்ரீபி போன்ற சாப்ட்வேரில் எழுதியவர்களுக்குப் பல கம்ப்யூட்டர்களில் திடீரென்று அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்தடுத்து வந்த கெர்னல்களில் பட்டியல் திருத்தப்பட்டுத்தான் நிலைமை சீரானது.

கேத்ரீபி என்பது அழகான முகம் மட்டும். பின்னால் உட்கார்ந்து உண்மையில் எழுதியது சிடிரெக்கார்டு என்ற சாப்ட்வேர். ஜெர்மனியைச் சேர்ந்த யோர்க் ஷில்லிங் 1996 முதல் அதை வளர்த்து வந்தார். தவறு கெர்னலில் என்றார் அவர். தவறு சாப்ட்வேரின் பழைய அணுகுமுறையில் என்றார்கள் கெர்னல் தரப்பினர். லினஸ் டோர்வால்ட்ஸும் இந்த வாதத்தில் இறங்கினார். 2006இல் சிடிரெக்கார்டின் லைசென்ஸ் மாறியதில் தகராறு முற்றியது. டெபியன் குழுவினர் தனியாகப் பிரிந்து சிடிர்கிட் என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். அதில் எழுதும் சாப்ட்வேரின் பெயர் வோடிம். ஷில்லிங் 2021இல் காலமானார். சிடிர்கிட்டின் வளர்ச்சியும் 2010க்குப் பிறகு நின்றுபோனது.

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் எடுக்கும் முடிவு, அதைத் தழுவிய சிஸ்டங்களுக்கும் இறங்கி வரும். அங்கே இரண்டு பேர் ஒத்துப் போகாவிட்டால், இங்கே பள்ளிப்பட்டு தாலுகாவில் ஒரு பிளஸ் டூ மாணவனின் கம்ப்யூட்டரில் அது தெரியும்.

பூட்டு சரி, சாவி எங்கே?

பாதுகாப்புக்காகக் கெர்னல் கதவை மூடியதை நான் குறை சொல்லவில்லை. மூடத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறவர், உள்ளே குடியிருப்பவருக்குச் சாவி கொடுத்துவிட்டுப் போட வேண்டும். 2.6.8 வந்தபோது அது நடக்கவில்லை.

விளைவு என்ன? ரூட் ஆக, அதாவது முழு அதிகாரம் உள்ள யூசராக நுழைந்தால் எழுதுகிறது என்று பலர் கண்டுபிடித்தார்கள். அதையே பழக்கமாக்கிக் கொண்டார்கள். சிடி எழுத மட்டும் என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லா வேலைக்கும் ரூட். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் பாதுகாப்பில்லாத பழக்கத்தில் போய் முடிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் இதே கதைதான். கட்டுப்படுத்தப்பட்ட அக்கவுண்டில் சிடி எழுத முடியாமல், வீட்டில் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டராக உட்கார்ந்தார்கள். இதற்காகவே நீரோ நிறுவனம் பர்ன்ரைட்ஸ் என்று ஒரு தனிக் கருவி தர வேண்டியிருந்தது.

கெர்னலை மாற்றும்போது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் சாப்ட்வேர் உடையக் கூடாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் தொடர்ந்து வலியுறுத்தி வரும் கொள்கை. நல்ல கொள்கை. அதை மீறித்தான் ஆக வேண்டும் என்றால், என்ன மாறுகிறது, எது நின்றுபோகும் என்று அப்டேட் செய்யும் முன்பே திரையில் சொல்ல வேண்டும். "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று ஒற்றை வரியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை. அந்த வரியைப் பார்க்கும் புதியவர், தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைக்கிறார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

இன்று புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு

இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் டிவிடி டிரைவே இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், பலர் விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்ப்யூட்டருக்கு மாறுகிறார்கள். வீட்டு அலமாரியிலோ கல்யாண டிவிடியும், காதுகுத்து சிடியும், கும்பாபிஷேக விசிடியும் அடுக்கி இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற யுஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்றை வாங்கி, பழைய சிடி பையில் இருக்கும் பத்து வருடத்துக்கு முந்தைய சாப்ட்வேரைப் புது லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்கிறார்கள். அங்கேதான் மறுபடி முட்டுகிறது.

விண்டோஸ் 11இல் கோர் ஐசோலேஷன் என்ற பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு உண்டு. கெர்னலுக்குள் நுழைய முயலும் பழைய டிரைவர்களில் ஒத்துவராதவற்றை அது வாசலிலேயே நிறுத்திவிடும். "அதை ஆப் செய்தால் எழுதும்" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒரு சிடிக்காகக் கெர்னலின் கதவைத் திறந்து போடுவது, பழைய ரூட் கதையைத்தான் மறுபடி ஆரம்பிக்கும். பழைய சாப்ட்வேரை நீக்கிவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

கோளாறு வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது?

1. முதலில், முக்கியமான பைல்களைப் பென் டிரைவிலோ வேறு ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்யுங்கள். சிடி எழுதாவிட்டாலும் மற்றதெல்லாம் ஓடுகிறது அல்லவா? அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

2. டிரைவ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரை இயக்கியதும் பயாஸ் திரையில் டிரைவின் பெயர் தெரிகிறதா? பூட் ஆகக்கூடிய டிஸ்க் ஒன்றைப் போட்டால் அதிலிருந்து பூட் ஆகிறதா? ஆனால் டிரைவ் உயிரோடுதான் இருக்கிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் தேடுங்கள். யுஎஸ்பி ரைட்டராக இருந்தால் ஹப்பில் செருகாமல் கம்ப்யூட்டரிலேயே நேரடியாகச் செருகிப் பாருங்கள். மின்சாரம் போதாமல் பாதியில் நிற்பதும் உண்டு. அது கெர்னல் கோளாறு அல்ல.

3. கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். புது சாப்ட்வேரா? நீக்கியதா? அப்டேட்டா? நூற்றுக்குத் தொண்ணூறு விடை இந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது என் அனுபவம். சிடி எழுதும் சாப்ட்வேர் இரண்டை ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

4. விண்டோஸில் டிரைவ் காணவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அங்கே சிடி டிரைவை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி இயக்குங்கள். சரியாகாவிட்டால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாகச் செல்லுங்கள். அங்கே 4டி36ஈ965 என்று தொடங்கும் கீயைக் கிளிக் செய்தால், வலப்பக்கம் டிவிடி/சிடி-ராம் டிரைவ்கள் என்ற குறிப்பு தெரியும். அதில் அப்பர் பில்டர்ஸ், லோயர் பில்டர்ஸ் என்ற வரிகள் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீக்கும் முன் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பைலாக வைத்துக்கொள்வது அவசியம். பக்கத்துக் கீயில் கை வைத்துவிடாதீர்கள். ரெஜிஸ்ட்ரி பயமாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். டிரைவ் வந்த பிறகு சிடி எழுதும் சாப்ட்வேர் மட்டும் ஓடவில்லை என்றால், அதை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும்.

5. லினக்ஸில் அப்டேட்டுக்குப் பிறகு எழுதவில்லை என்றால், பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். உபுண்டு, டெபியன் போன்றவை முந்தைய கெர்னலை அங்கேயே வைத்திருக்கும். பழையதில் எழுதுகிறது, புதியதில் எழுதவில்லை என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. இரண்டிலும் எழுதவில்லை என்றால், உங்கள் யூசர் பெயர் சிடிராம் குரூப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வோடிம் தகராறு செய்தால், லிப்பர்ன் என்ற தனித் தொகுப்பைப் பயன்படுத்தும் எக்ஸ்எப்பர்னை முயன்று பாருங்கள். ரூட் ஆக எழுதுவதைச் சோதனைக்கு ஒரு முறை செய்யலாம். பழக்கமாக்க வேண்டாம்.

6. சோதனைக்கு மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புது டிஸ்க்கைப் போட்டு வீணாக்கி, நிலக்கடலைக் கொல்லையில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட வேண்டாம். எழுதி முடித்ததும் வெரிபை செய்வதை மறக்காதீர்கள். இன்னொரு கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்த பிறகுதான் மூலப் பைலைத் தொட வேண்டும்.

7. விண்டோஸில் பைல்களை எழுதும்போது பென் டிரைவ் போலப் பயன்படுத்தவா, டிவிடி பிளேயருக்காகவா என்று கேட்கும். மற்றவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓ பைலாக இருந்தால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து, டிஸ்க் இமேஜை எழுதும் கட்டளையைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உண்டு.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் பார்மட் பற்றி யோசிக்கலாம். அது கடைசிப் படி. கடைக்காரர் முதல் படியாக அதைச் சொன்னால், "என் பைல்களை எதில் காப்பி எடுத்து வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 உடன் ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே இண்டர்நெட்டில் இணைக்காமல், டிஸ்க் எழுதவும் படிக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதே சாப்ட்வேர், அதே கெர்னல், அதே டிரைவ். மூன்றும் ஒத்துப்போகும் கம்ப்யூட்டரை அப்படியே வைத்திருப்பதும் ஒரு வழிதான்.

மறுபடியும் அதே வீடு

சென்ற ஆண்டு அண்ணன் மகள் புது லேப்டாப்புடன் ஊருக்கு வந்திருந்தாள். அவளுடைய கல்யாண டிவிடி கீறல் விழ ஆரம்பித்துவிட்டது, ஒரு காப்பி எடுக்க வேண்டும் என்றாள். அப்பாவின் சிடி பையிலிருந்த பழைய சாப்ட்வேரைப் போட்டிருக்கிறாள். டிரைவரை ஏற்ற முடியவில்லை என்று விண்டோஸ் சொல்லியிருக்கிறது. "ரீசெட் பண்ணிடலாமா?" என்று வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"வேணாம், முதல்ல சித்தப்பாவைக் கேட்கலாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

பழைய சாப்ட்வேரை நீக்கினோம். டிவிடியில் இருந்ததை லேப்டாப்பில் காப்பி செய்தோம். நல்லவேளை, எல்லா பைலும் வந்தன. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, விண்டோஸின் வசதியைக் கொண்டே புது டிவிடியில் இன்னொன்று, இரண்டையும் திறந்து பார்த்துச் சரி பார்த்தோம். ஒரு மணி நேரம் ஆனது. அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா பாப்பா மஞ்சள் நீராட்டு போட்டோவும் இருந்திருக்கும் இல்ல தம்பி?" என்றார்.

இருந்திருக்கும் அண்ணி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.